‘ரைட்’ சொல்வதற்கு முன்

புதிதாகக் கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே! பை மாட்டிவிட்டீர்கள், விசில் வாங்கிவிட்டீர்கள். டிக்கெட் கிழிப்பதும் சில்லறை கொடுப்பதும் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. இத்தனை வருட வேலையில் என்னைப் படாதபாடு படுத்தியது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் ‘ரைட்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு நான் சொன்ன அளவுக்கு எந்த வெள்ளைக்காரனும் சொல்லியிருக்க மாட்டான். செங்கத்தில் கிளம்பி, திருவண்ணாமலைக்குள் வந்து, கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போகிற தனியார் பஸ் எங்களுடையது. நிறுத்தத்துக்கு ஒரு ரைட் என்றால்கூட நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. நான் இயல்பிலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி. ஒரு பஸ் நிறைய ஜனம், அத்தனை பேரும் என் ஒரு சொல்லில் நகரப்போகிறார்கள் என்று நினைத்ததும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்படியில் நின்று “ரைட்” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

எங்கள் டிரைவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட வயதில் பெரியவர்கள்கூட நைனா என்றுதான் சொல்வார்கள். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

“இன்னாபா, பஸ்ஸு காதுல ரகசியம் சொல்றியா?”

பஸ்ஸே சிரித்தது. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா பொறுக்க முடியாமல், “ரைட்டு, ரைட்டு! நீ எடு நைனா. அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள எம் பூவு வாடிப்பூடும்” என்றாள்.

நைனா எஞ்சினையே நிறுத்திவிட்டார். “நீ சொன்னா எடுக்க மாட்டேன்மா. அவன் சொல்லணும். பின்னாடி யாரு ஏர்றா, யாரு எறங்கறான்னு உனுக்குத் தெரியுமா? எனுக்குத் தெரியுமா? அவனுக்குத்தான் தெரியும்.”

அதற்கப்புறம் கத்தினேன். செங்கம் பஸ் ஸ்டாண்டில் புறாவெல்லாம் பறந்துபோயின.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை மட்டும் இல்லை என்று. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, இடம் இருக்கிறது, வரலாம் என்ற அர்த்தத்தில் நான் “ரைட், ரைட்” என்றேன். நைனா ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார். டீக்கடைப் பந்தல் கால் ஒன்று ‘மளுக்’ என்றது. டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸோடு வெளியே ஓடிவந்து, எங்கள் இரண்டு பேருடைய வம்சத்தையும் கொஞ்ச நேரம் விசாரித்தார். அன்று நைனா சொல்லிக்கொடுத்ததை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். திசை சொல்வதற்கு நம் தொழிலில் ரைட்டும் கிடையாது, லெஃப்டும் கிடையாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. அவ்வளவுதான். டிரைவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது.

ரமணாசிரமம் நிறுத்தத்தில் தினமும் ஒரு இங்கிலாந்துக்காரர் ஏறுவார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையில் வருஷக்கணக்காக வாடகைக்கு இருந்தார். ஏறியதும் என் முகத்தை உற்றுப் பார்த்து, “யூ ஆல்ரைட்?” என்பார். முதல் நாள் ஏதோ கேட்கிறார் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாளும் கேட்டார். ஆசிரமத்தில் தியானம் பண்ணுகிற மனிதர், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று என் முகத்தில் அவருக்குத் தெரிகிறது போல என்று முடிவுகட்டிவிட்டேன். வேலையில் பாதி நாள் லீவு போட்டு டாக்டரிடம் போனேன். அவர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், “உனக்கு ஒண்ணுமில்ல, இப்ப எதுக்கு வந்த?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் ஊரில் அது வணக்கம் சொல்வது மாதிரியாம். பதிலுக்கு நாமும் அதையே சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம்.

மறுநாள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் “யூ ஆல்ரைட்?” என்று முந்திக்கொண்டேன். அந்தப் பெரியவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதிலிருந்து எனக்கு அவர்தான் அகராதி. ரைட் நவ் என்றால் இப்பவே. ரைட் ஹியர் என்றால் இங்கேயே. வாக்கியத்தின் கடைசியில் “ரைட்?” என்று இழுத்தால் நம்ம ஊர் ‘இல்லையா?’. ‘நல்லா வேணும் அவனுக்கு’ என்பதற்கும் ஒரு ரைட் வைத்திருந்தார்கள். ஒருமுறை காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவரை, இப்போது எப்படி என்று கேட்டேன். மழை மாதிரி ரைட்டாக இருக்கிறேன் என்றார். நன்றாகக் குணமாகிவிட்டது என்று அர்த்தமாம். நைனா அதை விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அவுங்க ஊர்ல பேய்ற மழ ஜாஸ்தி. நம்ம ஊர்ல மழ மாதிரின்னா, வரேன்னு சொல்லிட்டு வராம பூட்றதுதான்” என்றார்.

நம் ஜனங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறவர்கள், “அது எங்க ரைட்டு” என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்ப்பார்கள். காலேஜ் பையன்கள் படியில் தொங்கிக்கொண்டு, “இது எங்க ரைட்டுண்ணா” என்பார்கள். கல்யாணம் நின்றுபோனதைச் சொல்லி ஒருத்தர் அழுதால் பக்கத்து சீட்டுக்காரர், “ரைட்டு வுடு” என்று முதுகில் தட்டுவார். அந்த ஒன்றுக்கு மட்டும் இங்கிலாந்துக்காரருக்கு அர்த்தம் பிடிபடவே இல்லை. ‘விடு’ என்றால் புரிகிறது, அதில் ரைட் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தச் சொல் கனத்தது. ஏறினவர் உள்ளே வந்துவிட்டாரா, இறங்கினவருடைய புடவைத் தலைப்பு கம்பியில் மாட்டியிருக்கிறதா, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் யாராவது குனிந்து செருப்பு தேடுகிறார்களா, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ரைட் சொல்வேன். பின்னால் போட்டி பஸ்காரன் ஹாரன் அடித்தே என் பெயரைப் பாடுவான். பயணிகள் எனக்கு ‘லேட் ரைட்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். முதலாளி இரண்டு முறை கூப்பிட்டுத் திட்டினார். வீட்டுக்காரியும் சும்மா இருக்க மாட்டாள். “சாப்பாடு போடட்டுமான்னு கேட்டாக்கூட இந்த மனுஷன் சுத்திப் பாத்துட்டுதான் ரைட்டு சொல்லும்” என்று அவள் அக்காவிடம் சொன்னாள்.

இனிமேல் எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு சித்ரா பௌர்ணமி. அன்றைக்கு ஊருக்குள் பஸ் போகாது. எல்லா ரோட்டிலும் ஊருக்கு வெளியிலேயே தடுப்பு வைத்து நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஜனங்கள் நடந்துபோய் மலை சுற்ற வேண்டும். நாங்கள் மத்தியானம் கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு கிராமத்து நிறுத்தத்தில் ஒரு ஆள் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கணுக்காலுக்கு மேல் துண்டு கட்டியிருந்தது. காலில் கடலைக்கொல்லை மண் காயவில்லை.

“பாம்பு கடிச்சிடுச்சிண்ணா. கடலை புடுங்கும்போது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணா.”

தூக்கி உள்ளே ஏற்றினோம். பெண்ணின் பெயர் செல்வி. அந்த ஆள் அவள் கணவன், ஏழுமலை. மூன்று பேர் உட்காரும் சீட்டைக் காலி செய்து படுக்க வைத்தோம். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், பக்கத்து ஊரில் மந்திரிக்கிற ஆள் இருக்கிறார், அங்கே இறக்கிவிடலாம் என்று ஆரம்பித்தார்.

“அவுரு மந்திரிச்சி பொழச்சவங்கள நீ பாத்தியா?” என்று ஒரு அம்மா கேட்டாள்.

“கேள்விப்பட்டேன்.”

“கேள்விப்பட்டவன் வாய மூடு.”

ஏழுமலை யாரையும் பார்க்கவில்லை. “ஆஸ்பத்திரிதாண்ணா. நேரா ஆஸ்பத்திரிதான்” என்று மட்டும் சொன்னான். நான் ரைட் சொன்னேன். நைனா அதற்கப்புறம் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. தன் ஊர் தாண்டிப் போவதைப் பார்த்து ஒருத்தர், “நைனா, என் ஸ்டாப்பிங்!” என்றார். “திரும்பி நடந்து போ. உனுக்குக் காலு இருக்குது” என்றார் நைனா. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

செல்வி முதலில் பேசிக்கொண்டுதான் வந்தாள். அப்புறம் வார்த்தைகள் குழைய ஆரம்பித்தன. இமை தானாக மூடிமூடி வந்தது. “தூங்காத செல்வி, ஏய், என்னப் பாரு” என்று ஏழுமலை அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

ஊர் எல்லையில் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ரோடே தெரியவில்லை, தலைகள்தான். நான் குதித்து ஓடி அங்கே நின்ற ஏட்டிடம் சொன்னேன். அவர் பஸ்ஸுக்குள் தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்தார். மனிதர் அதற்கப்புறம் ஒரு நொடி வீணாக்கவில்லை.

“முன்னாடி போவவே முடியாது. ஆட்டோவும் உள்ள வராது. பின்னாடி போ. ரைஸ்மில் ஓரமா ஒரு சந்து இருக்குதில்ல? அதுல பூந்தா ஆஸ்பத்திரி பின்பக்கம் போயிடலாம். சந்து முனையில ஆளு இருக்கான், நான் மைக்ல சொல்றேன். எடு, எடு.”

நான் பஸ்ஸின் பின்னால் வந்தேன்.

சித்திரை வெயில். நம்ம ஊர் பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு பஸ் நின்றால் அது பஸ் இல்லை, பந்தல். நாங்கள் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் அதன் நிழலில் ஒரு குடும்பம் புளிசாதம் பிரித்துவிட்டது. முறுக்குக்காரர் கூடையை இறக்கிவிட்டார். நான் கத்தக் கத்த எழுந்து நகர்ந்தார்கள். நகர்ந்தவர்கள் சும்மா நகரவில்லை. நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். எங்கே எந்த வண்டி பின்னால் வந்தாலும், போகிற வருகிற ஆளெல்லாம் நின்று வழி சொல்வார்கள். உள்ளே பாம்புக்கடி கேஸ் என்று தெரிந்ததும் அத்தனை பேருக்கும் ஆவேசம் வந்துவிட்டது.

“வா, வா, வா! ரைட்டு!”

“ரைட்டு ரைட்டு! ஒடி, ஒடி!”

“இன்னும் எடம் இருக்குது நைனா, வா!”

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒருத்தர், பேண்ட் போட்டுச் செருப்பைக் கையில் வைத்திருந்த ஒருத்தர், முறுக்குக்காரர், இன்னும் யார் யாரோ. எல்லோரும் நல்ல மனதோடுதான் கத்தினார்கள். ஆனால் ஒவ்வொருத்தருக்கும் தெரிந்தது அவரவர் எதிரில் இருக்கிற கொஞ்ச இடம் மட்டும்தான். நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு டிரைவர் சைடு பின்சக்கரம் தெரியவில்லை. கூட்டம் மறைத்தது. கண்ணாடியில் நைனாவின் கண் மட்டும் தெரிந்தது. அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை ரைட்டுக்கு நடுவில் வண்டி ஒரு அங்குலம்கூட அசையவில்லை.

ஏழுமலை பின்படியிலிருந்து குதித்து வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“ரைட்டு சொல்லுய்யா! எல்லாரும் சொல்றாங்க இல்ல? நீ சொன்னாதான் எடுப்பாராமே! அவளுக்கு மூச்சு வாங்குதுய்யா! எம் பொண்டாட்டி செத்தா நீதான்யா காரணம்!”

அவன் சொன்னது உண்மையும்தான். நான் நின்று யோசிக்கிற ஒவ்வொரு கணமும் செல்வியுடையது. ரைட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் எனக்குச் சாட்சி. வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன், அவ்வளவுதான்.

நான் விசிலை எடுத்து மூச்சு தீரும்வரை ஊதினேன். எல்லோரும் வாயை மூடினார்கள்.

“யாரும் ரைட்டு சொல்லாதீங்க! ஒருத்தரும் சொல்லக் கூடாது!” என்று கத்தினேன். மொட்டைக்காரரைத் தோளைப் பிடித்துக் கிளீனர் சைடு சக்கரத்துக்கு எதிரில் நிறுத்தினேன். முறுக்குக்காரரை டிரைவர் சைடுக்குத் தள்ளினேன். செருப்புக்காரரைப் பின்னால் தூரத்தில் நிற்க வைத்தேன். “குனிஞ்சி பாருங்க. கண்ணுல எதனா பட்டா ஓல்டான்னு கத்துங்க, வண்டி நிக்கும். ஒண்ணுமில்லன்னா வாயே தொறக்காதீங்க.”

“அப்ப ரைட்டு யாரு சொல்றது?” என்றார் மொட்டைக்காரர்.

“நான்.”

ஒரு விஷயம் கவனியுங்கள் தம்பிகளே. அதுவரைக்கும் நிமிர்ந்து நின்று பஸ்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவர்கள், நிறுத்தச் சொல்வதுதான் உன் வேலை என்றதும் குனிந்தார்கள். மூன்று பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

“ஓல்டான்! ஓல்டான்! ஓல்டான்!”

முறுக்குக்காரர்தான். குரல் கீச்சென்று வந்தது. “அய்யோ, ஆளு படுத்துனு இருக்கான்யா! சக்கரத்துக்குப் பின்னாடிய்யா!”

ஓடினேன். டிரைவர் சைடு பின்சக்கரத்துக்குப் பின்னால், பாதி உடம்பு பஸ்ஸுக்கு அடியில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். நடந்து வந்த களைப்பு. இத்தனை கத்தலும் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்ததும் எழுந்து உட்கார்ந்து, துண்டை உதறி, “இன்னா, வண்டி கெளம்பிடுச்சா? திண்டிவனமா?” என்றார்.

என் சட்டையைப் பிடித்திருந்த ஏழுமலையின் கை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது விட்டிருந்தது.

முறுக்குக்காரர் மறுபடி குனிந்தார். மூன்று பக்கமும் சத்தமில்லை. நான் ரைட் சொன்னேன். நைனா ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, சந்தில் திருப்பி, இரண்டு பக்கச் சுவரிலும் பெயின்ட்டைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியின் பின்கேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே கொண்டுபோகும்போது செல்வியின் கண் முழுதாக மூடியிருந்தது.

சாயங்காலம் வண்டியை விட்டதும் நானும் நைனாவும் போனோம். அவள் தொண்டையில் குழாய் போட்டு, ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலைக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு டீ குடித்துவிட்டு வா என்று அவனை அனுப்பிவிட்டு, அந்தப் பையை நான் வாங்கினேன். அவன் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தாமதம் பண்ணினேனே, அந்தக் கொஞ்ச நேரம்தான் இவளைக் கொண்டுபோகப் போகிறதோ என்று ஒவ்வொரு அமுக்குக்கும் நினைத்துக்கொண்டேன். நைனா என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்.

சில நாள் கழித்து, கடலைக்கொல்லை ஊர் நிறுத்தத்தில் ஏழுமலை கையைக் காட்டினான். பஸ் நின்றது. ஆனால் அவன் ஏறவில்லை. பின்படிக்குக் கீழே வந்து நின்றான்.

“கண்ணத் தொறந்துட்டாண்ணா. கொழாய எடுத்துட்டாங்க. நேத்து கஞ்சி குடிச்சா.”

நைனா முன்னாலிருந்து, “இன்னாபா சொல்றான்?” என்று கத்தினார். சொன்னேன். அவர் ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தார். ரோட்டோரத்து ஆடுகள் சிதறி ஓடின.

ஏழுமலை அப்புறமும் நகரவில்லை. “அண்ணா, அன்னிக்கு நான் சொன்ன மாதிரி நீ வுட்டிருந்தா, அவ பொழச்சிருந்தாக்கூட நாங்க எப்டிண்ணா சோறு துன்னுவோம்? சக்கரத்தாண்ட தூங்குன அந்தப் பெரியவரு மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வருது” என்றான்.

பின்னால் போட்டி பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. உள்ளே ஒருத்தர், “ரைட்டு சொல்லுப்பா, டைம் ஆவுது” என்றார்.

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். கிளீனர் சைடு பின்சக்கரத்தைப் பார்த்தான். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அங்கேயும் குனிந்திருப்பான், எனக்குத் தெரியவில்லை. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

“யாருமில்லண்ணா” என்றான்.

நான் ரைட் சொன்னேன்.